ஏலகிரி அடிவாரத்துக்குக் கடை மாற்றும் முன்



2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனது. அதன் பிறகு ஏலகிரி மலையின் அடிவாரத்து நிலங்களுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. வாணியம்பாடியிலிருந்து பொன்னேரி, ஜோலார்பேட்டைப் பக்கமாகத் திருப்பத்தூர் போகும் சாலையில் பயணம் செய்யும் எவரும் இதைப் பார்க்கலாம். நேற்று வரை நிலக்கடலை விளைந்த இடத்தில் இன்று கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, மனை விற்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி கடைவீதிகளில் இருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர், "இங்கே லாரி நிறுத்த இடமில்லை, கோடவுன் போதவில்லை, அந்தப் பக்கம் போய்விடலாமா?" என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர், பிள்ளைகள் வேலை பார்க்கும் சென்னைப் புறநகரிலேயே வியாபாரத்தை வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். போகக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஊர் வளர்வது வேறு, அந்த ஊரில் நம் கடை வளர்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்குக் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சந்தையோடு போகிறோமா, தனியாகப் போகிறோமா?

இடம் மாறி நன்றாக இருப்பவர்களுக்கு உதாரணமாக எல்லோரும் கோயம்பேட்டைச் சொல்வார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் கொத்தவால்சாவடியில் நெருக்கியடித்துக் கொண்டிருந்த காய்கறி, பழ மொத்த வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்கு மாறியது. அன்றைக்கு அது ஊர்க்கோடி. பிறகு 2002ல் அதன் அருகே புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது. 2015ல் மெட்ரோ ரயில் வந்தது. இன்று அது நகரின் நடுப்பகுதி போல ஆகிவிட்டது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே சந்தையே சேர்ந்து நகர்ந்தது. விற்பவர், வாங்குபவர், லாரி, சுமைதூக்கும் தொழிலாளர் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனார்கள். சில்லறைக் கடைக்காரருக்கு வேறு போக்கிடம் இல்லை. தனி ஒரு வியாபாரி கடையைத் தூக்கிக்கொண்டு போனால் கதை வேறு. நம்மிடம் பருப்பு வாங்குகிறவர் பக்கத்துக் கடையில் எண்ணெயும், எதிர்க்கடையில் மிளகாயும் வாங்கிக்கொண்டு ஒரே வண்டியில் ஏற்றிப் போகிறார். நம் ஒருவருக்காக அவர் இன்னும் பத்து மைல் வண்டி ஓட்ட மாட்டார். நம் இடத்தில் வேறொருவரிடம் பருப்பு வாங்கிக்கொள்வார்.

ஆகவே மொத்த வியாபாரிகள் நான்கைந்து பேர், வெவ்வேறு சரக்கு வைத்திருப்பவர்கள், கலந்து பேசி ஒரே பகுதிக்குச் செல்வது தனியே செல்வதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு.

கம்பெனி ஏஜென்சி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஏஜென்சிக்கு எல்லை உண்டு. நீங்கள் போகும் ஊர் இன்னொரு டிஸ்டிரிபியூட்டருடைய எல்லையாக இருந்தால், கடை மட்டும்தான் அங்கே போகும், ஏஜென்சி கூட வராது. கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2. குடியிருப்பவர்களை எண்ணுங்கள்

மனை விற்றது வேறு, வீடு கட்டியது வேறு, குடி வந்தது வேறு. நூறு மனை விற்றுவிட்டது என்று தரகர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் வாங்கியவர்களில் பலர் பெங்களூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார்கள். நிலத்தில் முதலீடு செய்தவர் நமக்கு வாடிக்கையாளர் அல்ல, அடுப்பு மூட்டுகிறவர்தான் வாடிக்கையாளர்.

மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம் என்றால், 2011 கணக்கெடுப்பின் எண்களை வைத்து வேகமாக வளரும் புறநகரை எடைபோட முடியாது. அதற்கு நம் வழிதான் சரி. பால் முகவரிடம் தினமும் எத்தனை லிட்டர் பாக்கெட் போகிறது என்று கேளுங்கள். கேஸ் சிலிண்டர் போடும் பையனிடம் எத்தனை வீடு என்று கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றி விளக்கு எரியும் வீடுகளை எண்ணுங்கள். காலையில் பள்ளி வேன் எத்தனை வருகிறது, எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று பாருங்கள்.

இதை ஒரே நாளில் முடிக்கக் கூடாது. வேலை நாள் காலை பத்து மணி, மாலை ஏழு மணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மழை நாள் என நான்கு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

ஏலகிரி அடிவாரத்தில் ஒரு மயக்கம் உண்டு. சனி, ஞாயிறுகளிலும் கோடை விடுமுறையிலும் பொன்னேரி வழியாக மலைக்குக் கார் வரிசை போகும். சாலை நிறைந்திருப்பதைப் பார்த்து வியாபாரம் நிறையும் என்று நினைக்கத் தோன்றும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் புங்கனூர் ஏரியில் படகு விடப் போகிறவர் வழியில் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் வாங்குவார், சிப்பம் அரிசி வாங்க மாட்டார். மலை மேலே அத்தனாவூர், நிலாவூர்ப் பக்கம் உள்ள கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சரக்கு போடலாம், அது உண்மையான வியாபாரம்தான். ஆனால் அது சீசன் வியாபாரம். சீசனில் விற்பதை வைத்துப் பன்னிரண்டு மாத வாடகையைக் கணக்குப் போடக் கூடாது.

3. அந்த ஊரின் கூலி எங்கிருந்து வருகிறது?

ஊர் முழுவதும் ஒரே தொழிலை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் ஓட முடியாது என்றானது. 2020ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. இப்படி எது நடந்தாலும், ஷூ கம்பெனியில் ஓவர்டைம் நின்றால், அடுத்த மாதமே நம் மளிகைச் சீட்டில் முந்திரி, திராட்சை காணாமல் போகும்.

சென்னைப் பக்கத்திலும் இதே பாடம்தான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006ல் உற்பத்தி தொடங்கியது. சுற்று வட்டாரமெல்லாம் வாடகை வீடும் கடையுமாகப் பெருகியது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை மூடப்படும் என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்து, 2022ல் கடைசிக் கார் வெளியே வந்தது. இத்தனை பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், அதன் வாசலில் கடை போட்டவர் நிலைமை என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே போகும் ஊரில் வருமானம் குறைந்தது மூன்று வழிகளிலிருந்தாவது வருகிறதா என்று பாருங்கள். ஜோலார்பேட்டைப் பக்கம் இந்த வகையில் கொஞ்சம் தெம்பானது. சென்னை, பெங்களூரு, சேலம் மூன்று திசைக்கும் பாதை பிரியும் ரயில் சந்திப்பு என்பதால் ரயில்வே சம்பளம் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் அருகில் இருப்பதால் அரசுச் சம்பளம் இருக்கிறது. விவசாயமும் இருக்கிறது.

4. தண்ணீர்

பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகள் எவை என்று நமக்குத் தெரியும். இந்த மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மனை வாங்கும் முன், அந்த மனையின் ஆழ்துளைக் கிணற்று நீரையோ, பக்கத்து வீட்டு நீரையோ ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை அந்த நீரில் வேகவைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. பருப்பு வேகாத ஊரில் ஓட்டல்கள் கேன் தண்ணீர் வாங்கித்தான் சமைக்க வேண்டும், குடும்பங்களும் நிலைத்துத் தங்க யோசிக்கும்.

2019 ஜூலை 12ஆம் தேதி, சென்னையின் தாகத்துக்காக 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் வில்லிவாக்கத்துக்குப் போனது நினைவிருக்கும். சென்னைக்குப் போக நினைப்பவர்கள் அந்த ரயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று அங்கே குடியிருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாமை ஒரு கஷ்டம் என்றால், வந்து நிற்பது இன்னொரு கஷ்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்று நீரில் மூழ்கின. புதிதாகக் குடியேறிய நடுத்தரக் குடும்பங்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. 2021 நவம்பரில் நம் பாலாற்றிலேயே வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. மலை அடிவாரத்தில் மழை நீர் ஓடை வழியாக இறங்கி ஏரிக்கு ஏரி போகும். ஓடை வறண்டு கிடக்கும் மாதத்தில்தான் மனையைக் காட்டுவார்கள். வீட்டில் தண்ணீர் புகுந்தால் கழுவிவிட்டுக் குடியிருக்கலாம். கோடவுனில் ஒரு முழம் தண்ணீர் நின்றால் அடி வரிசை மூட்டை முழுவதும் நஷ்டம். அந்த ஊர்ப் பெரியவர் இரண்டு பேரிடம் தனித்தனியாக, "பெரிய மழையில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். கிராம வரைபடத்தில் ஓடை, ஏரி எங்கே இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. ஏரி நிலத்தில் கடை கட்டியவருக்கு எந்தச் சங்கமும் உதவ முடியாது.

5. பத்திரமும் அனுமதியும்

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு உருவான மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை. "எல்லாம் பிறகு சரியாகிவிடும்" என்ற தரகர் பேச்சை நம்பாதீர்கள். டி.டி.சி.பி. அங்கீகார எண், பெரிய மனைப் பிரிவாக இருந்தால் ரெரா பதிவு எண், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பஞ்சமி நிலம், நிபந்தனைப் பட்டா நிலம் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். மலை மேல் இடம் வாங்குவதாக இருந்தால், அங்கே மலைவாழ் மக்களின் நிலமும் வனத்துறை எல்லையும் உண்டு, கட்டிட அனுமதியும் சமவெளி போல அல்ல. வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, சாலை. நெடுஞ்சாலையை ஒட்டிய கடை என்று அதிக விலை கொடுப்பார்கள். நாளைக்கு மேம்பாலம் வந்தால் அந்தக் கடை பாலத்தின் நிழலில் போய்விடும். சாலை விரிவாக்கத்துக்கு நில எடுப்பு உத்தேசம் இருக்கிறதா என்று நெடுஞ்சாலைத் துறையில் விசாரியுங்கள். பேருந்து நிலையமும் இப்படித்தான். 2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போனதும் கோயம்பேட்டில் பயணிகளை நம்பியிருந்த கடைகளுக்கு அடி விழுந்தது. பேருந்து போன திசையில் சில்லறை போகும், சில்லறை போன திசையில் மொத்தமும் போகும்.

6. வாடகை, வரி, உரிமம்

நம் தலைமுறையினர் பலர் வாய்ப்பேச்சிலேயே வாடகைக்கு இருந்தவர்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வளரும் பகுதியில் வாடகை வேகமாக ஏறும். எத்தனை ஆண்டுக்கு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்வு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாம் கடையைப் பழக்கி வைப்போம், கட்டிடக்காரர் வேறொருவரிடம் பகடி வாங்கிக்கொண்டு நம்மைக் காலி செய்யச் சொல்வார்.

கட்டிடக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்து, நாம் பதிவு உள்ளவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகைக்கு 18 சதவீத வரியை நாமே கட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் இதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கட்டியதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரி இல்லாத சரக்கை அதிகம் விற்பவருக்கு அந்த அளவுக்குத் திரும்பக் கிடைக்காது, அது நேரடிச் செலவு.

முகவரி மாறினால் 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் திருத்தம் செய்ய வேண்டும். உணவுப் பொருள் உரிமம், உள்ளாட்சித் தொழில் உரிமம், தராசு முத்திரை, வங்கிக் கணக்கு, கோடவுன் இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் புதிய முகவரி ஏற வேண்டும். இன்சூரன்ஸை மறந்துவிட்டுச் சரக்கை மாற்றுபவர்கள் அதிகம். பழைய முகவரிக்கு எடுத்த பாலிசி புதிய கோடவுனில் தீப்பிடித்தால் உதவாது. வரி உள்ள சரக்கைப் பழைய கோடவுனிலிருந்து ஏற்றும்போது டெலிவரி சலான் வேண்டும். மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். சொந்தச் சரக்குதானே என்று வெறும் கையோடு லாரியை அனுப்பாதீர்கள்.

7. ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய கடையில் மாத விற்பனை 20 லட்சம். லாபம் 4 சதவீதம் என்றால் 80,000. வாடகை 10,000, சம்பளம் 25,000, மின்சாரம், வண்டி மற்றவை 15,000, ஆக 50,000 செலவு. மீதி 30,000.

புதிய இடத்தில் வாடகை 22,000, சம்பளம் 30,000, மற்றவை 18,000, ஆகச் செலவு 70,000. செலவைச் சரிக்கட்டவே 17.5 லட்சம் விற்க வேண்டும். பழைய 30,000 கையில் நிற்க 25 லட்சம் விற்க வேண்டும். அதாவது இருந்த இடத்திலேயே நிற்பதற்கு நாலில் ஒரு பங்கு அதிகமாக ஓட வேண்டும். முதல் ஆறு மாதம் 10 லட்சம்தான் விற்றது என்று வையுங்கள். மாதம் 30,000 வீதம் 1,80,000 கையிலிருந்து போகும். இதற்கு மேல் அட்வான்ஸ், ரேக், ஷட்டர், புதிய கடைக்காரர்களுக்குக் கொடுக்கும் கடன் சரக்கு.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? சொந்தப் பணமாக இருந்தால் பரவாயில்லை. வட்டிக்கு வாங்கியதாக இருந்தால், கடை பழகும் முன்பே வட்டி பழகிவிடும்.

8. பேரேட்டில் நிற்கும் பாக்கி

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். மொத்த வியாபாரியின் முதல் கல்லாவில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது. இருபது, முப்பது ஆண்டுகளில் நாம் சம்பாதித்தது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், யார் எந்தத் தேதியில் கொடுப்பார் என்ற அறிவு. அது அந்தத் தெருவோடு ஒட்டியது. எதிரில் உட்கார்ந்திருக்கும்வரை பாக்கி வரும். கடையைப் பூட்டிய மறுநாளிலிருந்து, "அண்ணன் அந்தப் பக்கம் போய்விட்டார், வரும்போது கொடுக்கலாம்" என்று ஆகிவிடும்.

புதிய ஊரிலோ நமக்கு யாரையும் தெரியாது. அங்கே முதலில் கடன் கேட்டு வருகிறவர், பெரும்பாலும் வேறு மண்டியில் கடன் நிறுத்தப்பட்டவராக இருப்பார். முதல் ஆறு மாதம் ரொக்கத்துக்கு மட்டும், பிறகு ஒரு வாரத் தவணை, அதற்குப் பிறகே மாதத் தவணை என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இடம் மாறுவதை வெளியில் சொல்லும் முன் பாக்கியைப் பாதிக்கு மேல் வசூலித்துவிடுங்கள். பழைய கடையை உடனே விடாதீர்கள். தம்பியோ மகனோ நம்பிக்கையான கணக்குப்பிள்ளையோ ஓராண்டு அங்கே இருக்கட்டும். புதிய இடத்தில் முதலில் ஒரு கோடவுன் மட்டும் எடுத்து, வாரம் மூன்று நாள் வண்டியில் சரக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரை, ஆடி, தீபாவளி எல்லாம் பார்த்துவிட வேண்டும். ரம்ஜான் ஆண்டுக்குச் சுமார் பதினோரு நாள் முன்னால் நகரும் பண்டிகை. நம் பகுதி வியாபாரத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், புதிய ஊரில் ரம்ஜான் வியாபாரம் எப்படி என்றும் பாருங்கள்.

வீட்டைக் கடைசியாக மாற்றுங்கள். பிள்ளைகள் பள்ளி, பெரியவர்களுக்கு மருத்துவர், பெண்களுக்குப் பழகிய அக்கம்பக்கம், இவை கணக்கில் எழுத முடியாதவை. வியாபாரம் சரியில்லை என்றால் கடையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். பள்ளி நடுவில் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

அகலக் கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது, காலையே எடுத்து வைக்காதே என்பதற்காக அல்ல. கொத்தவால்சாவடியை விட்டு யாரும் நகரவில்லை என்றால் கோயம்பேடு இல்லை. ஓராண்டுச் சோதனையில் ரொக்க விற்பனை மாதத்துக்கு மாதம் ஏறி, புதிய கோடவுன் தன் வாடகையைத் தானே கட்டினால், தயங்காமல் போங்கள். கட்டவில்லை என்றால் கோடவுனை விட்டுவிடலாம். பழைய கடையின் சாவி அப்போதும் உங்கள் கையில்தான் இருக்கும்.